புதுக்கடைக்கு நான் போகாத எட்டு வருடங்கள்

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கல்யாணம் இரண்டு தரம் நடக்கும். முதலில் எழுத்து. பதிவுகாரர் ஒரு தடித்த புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்து வைப்பார்கள், இரண்டு பேர் சாட்சி போடுவார்கள், பலகாரமும் தேத்தண்ணியும் பரிமாறப்படும். அதோடு மாப்பிள்ளை தன் வீட்டுக்குப் போய்விடுவார். நாலைந்து மாதம் கழித்து நல்ல நாள் பார்த்துத் தாலிகட்டு. அதுவரைக்கும் பெண் பிறந்த வீட்டில் பழையபடி அரிசி களைந்துகொண்டிருப்பாள். ஊர் அவளை 'எழுத்து முடிஞ்ச பிள்ளை' என்று சொல்லும். அரைக் கல்யாணம் ஆனவள் என்று அர்த்தம்.

சட்டத்தில் அரைக் கல்யாணம் என்று ஒன்று இல்லை. பதிவுகாரரின் புத்தகத்தில் மை காய்ந்தவுடன் அவள் முழு மனைவி. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு எழுத்து நடந்தது இரண்டாம் உலக யுத்தத்துக்கு ஒரு வருடம் முந்தி, கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த எங்கள் வீட்டில். எனக்கு இருபத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா எப்போதோ போய்விட்டா. அப்பா எழுத்துக்கு முந்திய வருடம் போனார். போகும் முன் அந்த வீட்டைச் சீதனமாக என் பெயருக்கு எழுதி வைத்திருந்தார். அண்ணை எனக்குப் பதினான்கு வயது மூத்தவர், அரசாங்கக் கந்தோரில் வேலை. அவரும் அண்ணியும் மூன்று பிள்ளைகளும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். அப்பாவின் இடத்தில் அண்ணைதான் நின்றார்.

மாப்பிள்ளை ரயில்வேயில் கிளாக்கர். எழுத்துக்குப் பிறகு இரண்டு தரம் வந்து முன் அறையில் இருந்து, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மழையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார். மூன்றாம் தரம் அவருடைய மாமா மட்டும் வந்தார். பையனுக்கு மனம் மாறிவிட்டதாம். பெரியவர்கள் கூடினார்கள், சத்தம் போட்டார்கள், பிறகு அவர்கள் கொண்டுவந்த சேலையை அதே தட்டத்தில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணை என்னிடம் வந்து, "முடிஞ்சுது பிள்ளை. தாலி ஏறேல்லைத்தானே. ஒண்டுக்கும் யோசியாதை" என்றார். நான் இரண்டு நாள் அழுதேன். அந்த மனிதருக்காக அல்ல. ஒழுங்கை முழுக்க என்னைப் பார்க்கிறதே என்று அழுதேன்.

அண்ணையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் நம்பினேன் என்பது விளங்காது. மழைநாளில் அவர் என்னைத் தனியே ஸ்டேஷனுக்குப் போக விடமாட்டார். பெரிய கறுப்புக் குடையை விரித்து என்னை உள்ளே விட்டு, தான் ஒரு தோள் நனைந்துகொண்டே வருவார். ரயில் வெளிக்கிடும் வரைக்கும் நிற்பார். பள்ளிக்கூடத்து ரீச்சர்மார் எல்லாரும் எனக்குக் கிடைத்த அண்ணையைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

அடுத்த வருடம் ஒரு காலை, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் சேலை மடிப்பைச் சரிபண்ணிக்கொண்டு ஓடும்போது, அண்ணை ஒரு கடுதாசியையும் பேனையையும் நீட்டினார். "வீட்டு வரிப் பேப்பர். முனிசிப்பல் கந்தோருக்குக் குடுக்கவேணும். வீடு உன்ரை பேரிலைதானே, கையெழுத்தை வை" என்றார். ஜன்னல் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு முதல் பாடத்தில் பிள்ளைகளிடம், கேள்வியை இரண்டு தரம் வாசியாமல் பேனையைத் தொடக்கூடாது என்று கண்டித்தது எனக்கு நல்ல ஞாபகம். ஊருக்குத்தானே உபதேசம்.

யுத்தம் தொடங்கி நாலைந்து மாதத்தில், எங்கள் பள்ளிக்கூடம் இருந்த அதே வீதியில் இருந்த ஆண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாஸ்ரர் வந்து சேர்ந்தார். இரத்மலானையில் வீடு. நான் ஏறும் ரயிலில் அவர் எனக்கு முன்னமே ஏறியிருப்பார். கோட்டையில் இறங்கி கிராண்ட்பாஸ் டிராமில் ஏறி, பிறகு நடை. முதல் ஆறு மாதம் அவர் வீதிக்கு அந்தப் பக்கத்தாலும் நான் இந்தப் பக்கத்தாலும் நடந்தோம். பிறகு ஒரு நாள் என் கையில் இருந்த கொப்பிக் கட்டு அவிழ்ந்து வீதியில் கொட்டியது. அதற்குப் பிறகு ஒரே பக்கத்தால் நடந்தோம். அவ்வளவுதான் எங்கள் காதல் கதை. அவர் கதைப்பது குறைவு. கதைத்தால் நேராகக் கதைப்பார். "ரீச்சர், உங்கடை வீட்டிலை வந்து கேக்கலாமோ?" என்று ஒரு நாள் நேராகவே கேட்டார்.

எனக்கு நடந்த எழுத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். மறைக்கவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுத்து அழியாமல் இன்னொரு எழுத்து எழுத ஏலாது, ரீச்சர். கோட்டிலை விவாகரத்துக் கேட்டு எடுக்கவேணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு புரொக்டர் புதுக்கடையிலை இருக்கிறார். ஒருக்காப் போய்க் கேப்பம்" என்றார்.

புதுக்கடை என்றால் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் இடம். எங்கள் வீடுகளில் அந்தப் பெயரைக் கொஞ்சம் தணிந்த குரலில்தான் சொல்வார்கள். களவெடுத்தவனும் காணிச்சண்டைக்காரனும் போகும் இடம். ஒரு குடும்பத்துப் பெண் படியேறக்கூடாது. அவளுக்கு ஒரு சட்ட விஷயம் தெரியவேண்டுமென்றால் வீட்டு ஆண் ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு போய்க் கேட்டு வருவார். புரொக்டர், அதாவது வக்கீல், சொன்ன பதில் அவருடைய வாய்வழியாக வந்து சேரும். வைத்தியரிடம் அண்ணையை அனுப்பி என் வயிற்றுவலிக்கு மருந்து எடுப்பேனா? மாட்டேன். ஆனால் என் வாழ்க்கைக்கு அப்படித்தான் செய்தேன்.

மாஸ்ரரைப் பற்றி நான் சொன்னதும் அண்ணை அரைநாள் லீவு எடுத்துப் புதுக்கடைக்குப் போனார். பின்னேரம் வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை பிள்ளை. தாலி ஏறாட்டிலும் எழுத்து எழுத்துத்தானாம். இன்னொருத்தரைக் கட்டினா உன்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போடுவாங்கள்."

"அப்ப வழக்குப் போடலாந்தானே அண்ணை? விவாகரத்து எடுக்கலாமெல்லோ?"

"எடுக்கலாம். ஆனா உன்னைக் கூட்டிலை ஏத்துவாங்கள். ஏன் புருஷனோடை போகேல்லை, அவன் உன்னிலை என்ன குறை கண்டவன் எண்டு எல்லாருக்கும் முன்னாலை கேப்பாங்கள். பேப்பரிலை வரும். பிறகு உன்ரை பள்ளிக்கூடத்திலை உன்னை வைச்சிருப்பினமோ? எனக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்குது. அதுக்கும் நாளைக்கு ஒரு கலியாணம் பேசவேணும்."

அண்ணி சுவரோடு நின்று தலையை ஆட்டினா. திறமான பொய்காரன் முழுப்பொய் சொல்வதில்லை. அண்ணை சட்டத்தைப் பற்றிச் சொன்னது அவ்வளவும் சரி. அந்தச் சட்டம் என் விஷயத்தில் ஏற்கெனவே தன் வேலையை முடித்துவிட்டது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

மாஸ்ரரிடம் போய்ச் சொன்னேன். அவர் விடவில்லை. "அண்ணை கேட்டவர் சரி, நீங்கள் ஒருக்காக் கேட்டா என்ன? நானும் வாறன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. சொந்த அண்ணை போய்க் கேட்டு வந்த பிறகு நானும் போய்க் கேட்டால் அவரை நம்பவில்லை என்றுதானே ஆகும்? அந்த ஒரு நினைப்பு என்னைக் கட்டிப் போட்டது. அண்ணையின் மனம் நோகக்கூடாது என்பதற்காக நான் என் வாழ்க்கையைப் பற்றிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போல இருக்கிறது.

அவர் ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்தார். கடைசியாக ஒரு நாள் டிராமுக்குக் காத்து நிற்கும்போது கேட்டார்.

"ரீச்சர், உண்மையிலை அது ஒண்டுதானோ தடை?"

"அதுதான். நான் என்ன செய்ய? சட்டம் விடேல்லை."

"சட்டமோ?" என்றார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை. அவர் டிராம் வரும் பக்கம் திரும்பி, "மனமில்லாட்டி மனமில்லை எண்டு சொல்லலாம், ரீச்சர். நான் பிழையா நினைக்கமாட்டன்" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு காலம் பழகிவிட்டு என்னைப் பொய்காரி என்கிறாரே என்று பேசாமல் டிராமில் ஏறிவிட்டேன். அடுத்த நாளிலிருந்து அவர் அந்த ரயிலில் வரவில்லை. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதும் பள்ளிக்கூடங்கள் சிதறின, பாதி வெள்ளவத்தை மூட்டை கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறியது. அவரும் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். யுத்தம் முடியுமுன் கல்யாணம் செய்து, திரும்பி வந்து, ஹெந்தளைப் பக்கம் வீடு எடுத்திருக்கிறார் என்று பிறகு ஒருவர் சொன்னார். ஒரு பெண் குழந்தையாம். நல்லது என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு என்னைக் கேட்டு இரண்டு இடத்திலிருந்து ஆள் வந்தது. அண்ணை வாசலிலேயே நிறுத்தி, எழுத்து விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. மழைநாளில் குடை வந்தது. அண்ணையின் தோள் நனைந்தது. வருடங்கள் போயின.

அண்ணையின் மூத்த மகளுக்கு இருபத்தொரு வயதில் நல்ல இடத்தில் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொழும்பில் வீடு கேட்டார்கள். அண்ணையிடம் வீடு இல்லை. என்னிடம் இருந்தது. அவர் கேட்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன், பிள்ளைக்கு எழுதிவிடுவோம் என்று. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. எனக்குத்தான் இந்தச் சென்மத்தில் கல்யாணம் இல்லையே, வீட்டை வைத்து என்ன செய்ய? அண்ணையின் கண் கலங்கியது. நான் சாகும்வரை அந்த வீட்டிலேயே இருக்கலாம் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

வீட்டைக் கைமாற்றும் பத்திரத்தை உறுதி என்போம். அதை எழுதிய நொத்தாரிசு ஒரு புரொக்டரும்தான். காலி வீதியில் ஒரு கடைக்கு மேல் மாடியில் அவருடைய அறை. எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர், மூக்குக் கண்ணாடி, வெற்றிலை. இரண்டு சாட்சிகள் சுவரோரத்து மர வாங்கில் இருந்தார்கள். அவர் உறுதியைக் கையில் எடுத்ததும் அண்ணை சொன்னார்:

"வாசிக்கத் தேவையில்லை ஐயா. எல்லாரும் எங்கடை ஆக்கள்தானே. பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது."

"உங்கடை ஆக்களெண்டாலும் நான் வாசிச்சு விளங்கப்படுத்த வேணும், தம்பி. இல்லாட்டி என்ரை கையெழுத்தை நான் வைக்கக்கூடாது."

அந்த மனிதர் நூறு வருடம் வாழவேண்டும். இங்கிலீஷில் ஒரு வரி வாசிப்பதும் தமிழில் அதைச் சொல்வதுமாகப் போனார். என் அப்பாவின் பெயர் வந்தது. என் பெயர் வந்தது. அதற்குப் பின்னால், "விவாகம் நீக்கப்பட்டவர்" என்று வந்தது.

"என்ன சொன்னனீங்கள்?"

"விவாகம் நீக்கப்பட்டவர் எண்டு. புருஷன் இருந்தா எங்கடை தேசவழமைச் சட்டத்திலை மனுசியின்ரை காணியைக் கைமாத்த அவற்றை சம்மதக் கையெழுத்து வேணும், தங்கச்சி. அதுதான் நான் முதலே அண்ணையிட்டைக் கேட்டனான். அவர் விவாகரத்து டிக்கிறியைக் கொண்டந்து காட்டினவர்."

உறுதிக்கு அடியில் இருந்து ஒரு கடுதாசியை எடுத்து என் பக்கம் தள்ளினார். நீதிமன்றத்து முத்திரை. ரயில்வே கிளாக்கர் வாதி, நான் பிரதிவாதி. நான் கெட்ட எண்ணத்தோடு அவரைக் கைவிட்டேனாம். நான் எதிர்வாதம் செய்யவில்லையாம். கல்யாணம் முற்றாகக் கலைக்கப்பட்டது. திகதியைப் பார்த்தேன். நான் ஜன்னல் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்ட அதே வருடத்தின் கடைசி. மாஸ்ரர் அந்த வீதிக்கு வேலைக்கு வருவதற்கே முந்தி.

எட்டு வருடமாக நான் விடுதலையாக இருந்திருக்கிறேன். எனக்கு மட்டும் தெரியவில்லை.

அண்ணை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டை போய்க் கதைப்பம் பிள்ளை" என்றார்.

"எட்டு வருஷமா வீட்டிலைதானே இருந்தனான் அண்ணை. அப்ப கதைச்சிருக்கலாமே."

நொத்தாரிசு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனையை மூடி சட்டைப்பைக்குள் வைத்தார். "தங்கச்சி, நான் உங்கடை அண்ணை பிடிச்ச ஆள். உங்களுக்கு நான் புத்தி சொல்லுறது முறையில்லை. நீங்கள் உங்களுக்கெண்டு வேறை ஒரு புரொக்டரைப் பிடிச்சுக் கேட்டிட்டு வாங்கோ. ஒண்டு மட்டும் சொல்லுறன். இதிலை உங்களுக்குச் சீவிய உருத்து எழுதேல்லை. கையெழுத்து வைச்சா நாளைக்கே உங்களை எழும்பச் சொல்லலாம்" என்றார்.

சாகும்வரை இருக்கலாம் என்ற வாக்கு அண்ணையின் வாயில் மட்டும்தான் இருந்தது. கடுதாசியில் இல்லை.

வீட்டில் எல்லாம் வெளியே வந்தது. நான் கையெழுத்து வைத்தது வரிப் பேப்பர் அல்ல. என்னைக் கண்டே இராத ஒரு புரொக்டர் எனக்காக ஆஜராக நான் கொடுத்த புரொக்சி. தொடக்கத்தில் என்னை அவமானத்திலிருந்து காப்பாற்றத்தான் செய்தாராம். எல்லாம் முடிந்த பிறகு சொல்லத்தான் இருந்தாராம். அதற்குள் மாஸ்ரர் வந்துவிட்டார். "நீ கட்டிக்கொண்டு போனா வீடும் உன்னோடை போகும். மூண்டு பிள்ளையளோடை நான் எங்கை போறது?" என்று கேட்டு அழுதார். அவர் அழுதது உண்மை என்று நம்புகிறேன். நான் அழவில்லை. வேலி பயிரை மேய்ந்துவிட்டு, எனக்கும் பசிக்காதா என்று கேட்டால் பயிர் என்ன பதில் சொல்லும்? கேட்டிருந்தால் வீட்டைக் கொடுத்திருப்பேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்போதே, "வீட்டை எடுங்கோ, என்னை விடுங்கோ" என்று எழுதிக் கொடுத்திருப்பேன். மூன்று மாதத்தில் அவர்கள் வேறு வீடு பார்த்துப் போனார்கள். வீடு இன்றைக்கும் என் பெயரில்தான் இருக்கிறது.

அந்த வாரமே பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, முதல் தரமாகப் புதுக்கடைக்குப் போனேன். தனியே. மரங்களுக்குக் கீழே டைப் அடிப்பவர்கள், கறுப்புக் கோட்டுகள், மடியில் பிள்ளையோடு காத்திருக்கும் பெண்கள். என்னைப்போல் எத்தனையோ பெண்கள். ஒருத்தியின் நெற்றியிலும் ஒன்றும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எங்கள் தலைமை ஆசிரியை சொல்லிவிட்ட ஒரு பறங்கிக்காரப் புரொக்டர் இருந்தார், வயதானவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். டிக்கிறி செல்லும், நீ யாரையும் கட்டலாம், உன் வீடு உன் வீடு என்றார். அண்ணை மேல் வழக்குப் போடவேண்டுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"இதை நான் அப்பவே அறிஞ்சிருக்க வழி இருந்ததா?" என்று கேட்டேன்.

இருந்தது என்றார் அவர். முடிந்த வழக்கின் தாள்களைக் கோத்து வைத்திருக்கும் கோவை பூட்டி வைத்த பெட்டி அல்ல. ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் யாரும் வந்து பார்க்கலாம். என்றைக்கும் பார்க்கலாம். வேண்டுமென்றால் இப்போதே பார் என்று, தன் கிளாக்கரை என்னோடு றெக்கோட் அறைக்கு அனுப்பினார்.

அங்கே இருந்த சிங்களக் கிளாக்கர் ஒரு மெல்லிய கோவையைத் தூசி தட்டி மேசையில் வைத்தார். என் புரொக்சி இருந்தது. அவசரத்திலும் வடிவான கையெழுத்து. டிக்கிறி இருந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில், பின்னால் சேர்த்துக் கோத்த ஒரு அரைத்தாள் கடுதாசி இருந்தது. இந்த வழக்கின் கோவையைப் பார்வையிட அனுமதி கேட்டு ஒருவர் எழுதியது. எழுத்தைப் பார்த்ததும் அறிந்துகொண்டேன். இரண்டு வருடம் என்னோடு ரயிலில் வந்தவருடைய எழுத்து. கீழே மாஸ்ரரின் பெயர், இரத்மலானை விலாசம், திகதி. டிராமுக்குக் காத்து நின்று அவர் என்னைக் கேட்டதற்கு ஒரு கிழமை முந்திய திகதி.

அவர் எனக்காகப் புதுக்கடைக்கு வந்திருக்கிறார், தனக்குத் தெரிந்த புரொக்டரைக் கொண்டு தேடியிருக்கிறார். நான் விடுதலையானவள் என்று இந்த மேசையில் வாசித்திருக்கிறார். என் கையெழுத்தைப் பார்த்திருக்கிறார், எல்லாம் எனக்குத் தெரிந்தே நடந்தது என்று நினைத்திருக்கிறார். அதன் பிறகு என்னிடம் வந்து, அது ஒன்றுதானா தடை என்று கேட்டிருக்கிறார். நான் அவருடைய கண்ணைப் பார்த்து, சட்டம் விடவில்லை என்றேன்.

"எதுக்கு கொப்பி வேணும், நோனா? டிக்கிறிக்கா?" என்று கிளாக்கர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

நான் அந்த அரைத்தாளில் விரலை வைத்தேன்.

"அதுல ஒண்டும் இல்ல நோனா. கோட்டுக்கு அது பிரயோசனம் இல்ல."

"தெரியும். எனக்கு அதுதான் வேணும்" என்றேன்.